சாண எரிவாயுவின் வரலாறும் நம் மக்களும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு விழாக் குழுவினர் கேட்டபொழுது, மன்னர்களைப் பற்றியோ போர்களைப் பற்றியோ நான் எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ சாணத்தின் வரலாறு. இளைஞர்கள் இதனைப் படித்து நகைக்க வேண்டா. சாணத்தையும் குப்பையையும் கழிவையும் கையால் தொட்டு அள்ளிய மக்கள் யாவர்? அவற்றிலிருந்து பிறந்த உரத்தையும் விளைச்சலையும் ஒளியையும் துய்த்தவர் யாவர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதும் வரலாற்று ஆசிரியனின் கடமையே ஆகும்.

1983-ஆம் ஆண்டு நான் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பெரியவீட்டுத் தொழுவத்தில் என் தாயார் சாணம் அள்ளும் வேலை செய்துவந்தார். நாள்தோறும் அள்ளுவதில் ஒரு கூடையை வீட்டிற்கு எடுத்துச்செல்லலாம் என்பது வழக்கம். அந்தக் கூடைச் சாணமே எங்கள் வீட்டில் வரட்டியாயிற்று, வரட்டியே அடுப்பெரித்தது, மிஞ்சியது விற்பனைக்குச் சென்று எனக்கு நோட்டுப் புத்தகமாயிற்று. அவ்வாண்டில் பெரியவீட்டில் அரசு மானியத்துடன் சாண எரிவாயுக் கலம் ஒன்று கட்டப்பட்டது. அவ்வீட்டுச் சமையலறையில் நீலநிறச் சுடர் எரிந்தது. சாணத்தைக் கரைத்து ஊற்றும் வேலையும் என் தாயாருக்கே வந்து சேர்ந்தது. கூடைச் சாணம் மட்டும் நின்றுபோயிற்று. "இனிச் சாணம் மிச்சமில்லை" என்று சொல்லிவிட்டார்கள். அன்று முதல் என் தாயார் முள் பொறுக்கக் காட்டிற்குச் சென்றார். அறிவியல் முன்னேற்றம் ஒன்று ஒரு வீட்டில் புகையை நீக்கி, மற்றொரு வீட்டில் விறகையும் நீக்கிய விந்தையை அந்த வயதில் கண்டேன். அதன் பொருள் பல ஆண்டுகள் கழித்தே எனக்கு விளங்கிற்று.

சுழற்சிப் பொருளாதாரம்

பொருளை எடுப்பது, பயன்படுத்துவது, எறிந்துவிடுவது என்னும் நேர்கோட்டு முறைக்கு மாறாக, எறியப்படுவதையே மீண்டும் மூலப்பொருளாக்கிக்கொள்ளும் முறையை இன்று பொருளாதார அறிஞர்கள் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்பர். இத்தொடர் 1990-இல் டேவிட் பியர்ஸ், கெர்ரி டர்னர் என்னும் ஆங்கிலேயப் பொருளியலார் இருவர் எழுதிய நூலின் வாயிலாகப் பரவலாயிற்று. ஆனால் கருத்து பழையது. தஞ்சையில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1945-இல் வெளியான தம் 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய நூலில், மண்ணிலிருந்து பெற்றதை மண்ணுக்கே திருப்பித் தரும் வாழ்வே நிலைக்கும் என்னும் கொள்கையை நிறுவினார். அதற்கும் முன்னரே, ஆல்பர்ட் ஹோவார்ட் என்னும் வேளாண் அறிஞர், 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றியபொழுது, பயிர்க்கழிவையும் தொழுக்கழிவையும் அடுக்கி மட்கச் செய்து உரமாக்கும் முறையை வகுத்தார். இன்றும் அஃது 'இந்தூர் முறை' என்றே வழங்குகின்றது.

இச்சுழற்சியில் நம் நாட்டில் நெடுங்காலமாக ஓர் இடையூறு இருந்துவந்தது. சாணத்தை எரித்தால் உரம் இல்லை. உரமாக்கினால் அடுப்பு எரியாது. விறகு வாங்க வழியற்ற ஏழை, நிலத்துக்குரிய உணவை அடுப்பிலிட்டுக் கொளுத்த வேண்டியவன் ஆனான். எரிபொருள், உரம் ஆகிய இரண்டையும் ஒரே சாணத்திலிருந்து பெறும் வழியைக் காட்டியதே சாண எரிவாயுக் கலத்தின் தனிச்சிறப்பாகும்.

வாயுவைக் கண்டறிந்த வரலாறு

1776-ஆம் ஆண்டு இத்தாலிய அறிஞர் அலெசாந்திரோ வோல்ட்டா, மஜோரே ஏரியின் கரையோரச் சேற்றைக் கோலால் கிளறி, மேலெழுந்த குமிழிகளைக் குடுவையில் பிடித்தார். அவ்வாயு தீப்பற்றி எரிந்தது. அதனை இன்று மீத்தேன் என்கிறோம். 1808-இல் ஆங்கில வேதியியலார் ஹம்ப்ரி டேவி, மாட்டுச் சாணம் மட்கும்பொழுதும் மீத்தேன் வெளிப்படுவதை ஆய்ந்து கண்டார். காற்றுப் புகாத இடத்தில் நுண்ணுயிர்கள் மட்கும் பொருளைச் சிதைக்கும்பொழுது இவ்வாயு பிறக்கின்றது என்பது பின்னர்ப் படிப்படியாகத் தெளிவாயிற்று.

1895-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரன் என்பவர் மலக்கழிவைத் தேக்கிச் சிதைக்கும் மூடிய தொட்டி ஒன்றை அமைத்தார். இன்று 'செப்டிக் டேங்க்' என நாம் வழங்குவது அதன் வழிவந்ததே. அத்தொட்டியில் எழுந்த வாயுவைக் கொண்டு விளக்குகள் ஏற்றப்பட்டன.

தொழுநோயாளர் இல்லத்தில் தொடக்கம்

இந்தியாவில் இவ்வரலாறு எங்குத் தொடங்குகின்றது என்பது நம் கவனத்திற்குரியது. அரண்மனையிலோ ஆய்வுக்கூடத்திலோ அன்று. பம்பாய் மாதுங்காவில், சமுதாயம் ஒதுக்கித் தள்ளிய தொழுநோயாளர் வாழ்ந்த இல்லத்தில் தொடங்குகின்றது. 1897-இல் அவ்வில்லத்தின் கழிவுத் தொட்டிகளில் வாயுவைச் சேகரிக்கும் அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. அவ்வாயு இயந்திரம் ஓட்டவும் பயன்பட்டது. சில நூல்கள் இந்நிகழ்ச்சி 1859-இல் நடந்ததாகக் கூறும். ஆனால் மாதுங்கா இல்லம் நிறுவப்பட்டதே 1890-இல்தான் ஆதலின், 1859 என்பது பொருந்தாது. அச்சில் வந்துவிட்டது என்பதற்காக எதனையும் நம்பிவிடாது, ஆண்டோடு ஆண்டை ஒப்பிட்டு நோக்குதல் வரலாறு கற்போர் மேற்கொள்ள வேண்டிய முதற்பழக்கம் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஒதுக்கப்பட்ட மக்களின் இருப்பிடத்தில், ஒதுக்கப்பட்ட கழிவிலிருந்து பிறந்த இவ்வாற்றல், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பெருங்கவனம் பெறாமலே கிடந்தது. 1939-இல் தில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் என்னும் அறிஞர் மாட்டுச் சாணத்திலிருந்து எரிவாயு பெறும் ஆய்வுகளை மேற்கொண்டார். 1950-களில் ஜஷ்பாய் படேல், செங்கற்கிணறும் அதன்மீது மிதக்கும் இரும்புக் கொள்கலனும் கொண்ட அமைப்பை உருவாக்கி, அதற்கு 'கிராமலட்சுமி' எனப் பெயரிட்டார். 1960-களின் தொடக்கத்தில் கதர் கிராமத் தொழில் ஆணையம் இவ்வமைப்பை ஏற்று நாடெங்கும் பரப்பத் தொடங்கிற்று.

1973-இல் எண்ணெய் நாடுகள் கச்சா எண்ணெயின் விலையைப் பன்மடங்கு உயர்த்தியபொழுது, உலகமே மாற்று எரிபொருளைத் தேடிற்று. சாணத்தின் மதிப்பும் அப்பொழுது உயர்ந்தது. இரும்புக் கொள்கலன் விலை மிகுந்தது, துருப்பிடிப்பது என்னும் குறைகளைப் போக்க, சீன நாட்டு முறையைத் தழுவி, முழுவதும் செங்கல்லால் ஆன குவிமாட அமைப்பு 1978-இல் உத்தரப் பிரதேசத்து அஜீத்மல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாயிற்று. அதற்கு 'ஜனதா' என்று பெயர். 1984-இல் அதனினும் செலவு குறைந்த 'தீனபந்து' அமைப்பு வந்தது. ஏழையின் உறவினன் என்பது அப்பெயரின் பொருள். 1981-82-இல் நடுவணரசு தேசிய அளவில் திட்டம் வகுத்து மானியம் வழங்கத் தொடங்கிற்று. அதுமுதல் ஏறத்தாழ 50 லட்சம் கலங்கள் நம் நாட்டில் கட்டப்பட்டுள்ளன.

கலம் இயங்கும் முறை

சாணத்துடன் சம அளவு நீர் கலந்து, கல்லும் வைக்கோலும் நீக்கிக் கரைத்து, கலவைத் தொட்டியிலிருந்து குழாய் வழியே காற்றுப் புகாத கிணற்றுக்குள் விடவேண்டும். ஊரின் வெப்பநிலைக்கு ஏற்ப 30 முதல் 55 நாள்கள் வரை அஃது உள்ளே தங்கிச் செரிக்கும். எழும் வாயுவில் பாதிக்குமேல் மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமிலவாயு. வெளிவரும் கரைசல் நாற்றம் குறைந்தது. ஈ மொய்ப்பதும் குறைவு. தழைச்சத்து பெரும்பாலும் அழியாது அதில் நிற்பதால், அது நல்ல உரமாகும்.

கணக்கையும் சற்றுக் காண்போம். ஒரு கிலோ சாணம் ஏறத்தாழ 40 லிட்டர் வாயு தரும். வளர்ந்த மாடு ஒன்று நாளொன்றுக்கு இடும் சாணம், நம் நாட்டுக் கணக்கில் சராசரி 10 கிலோ. எனவே ஒரு மாட்டிலிருந்து கிடைப்பது 400 லிட்டர். ஒருவருக்குச் சமைக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 லிட்டர் வேண்டும். ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 1,500 லிட்டர், அதாவது ஒன்றரைக் கன மீட்டர். அதற்கு வேண்டியவை நான்கு மாடுகள். ஒரு கன மீட்டர் வாயு, அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான உருளை எரிவாயுவுக்கு ஈடாகும்.

மாடுள்ளவருக்கே வாயு

இக்கணக்கில்தான் நம் மக்களின் இடர்ப்பாடு மறைந்துள்ளது. நான்கு மாடு, அவை நிற்கத் தொழுவம், கலம் கட்ட மனையிடம், கரைக்க நாள்தோறும் நீர், கரைசலை ஊற்ற நிலம் ஆகிய அனைத்தும் உடையவரே இதன் பயனை முழுமையாகப் பெற இயலும். சேரியில் ஒரு குடிசையும் ஓர் ஆடும் வைத்திருந்த குடும்பத்திற்கு இதனால் என்ன பயன்? தாழ்த்தப்பட்டோருக்குக் கூடுதல் மானியம் என அரசு விதி வகுத்ததும் உண்மையே. ஆயினும் மானியம் மாடாகாது. மாடில்லாத வீட்டுக்கு மானியம் வந்து நிற்பது, கிணறில்லாத வீட்டுக்குக் கயிறு வந்து நிற்பது போன்றதே.

இதனினும் ஆழ்ந்த தீங்கு ஒன்று உண்டு. விலையற்ற பொருளாகச் சாணம் கிடந்தவரை, வழியில் விழுந்ததைப் பொறுக்குவதற்கு எவரும் தடை சொல்லவில்லை. அது விலையுள்ள பொருளானவுடன் ஏழையின் கைக்கு எட்டாமற் போயிற்று. கழிவு செல்வமாகும்பொழுது, அக்கழிவை அதுவரை நம்பி வாழ்ந்தவரின் உரிமை எழுத்தில் இல்லையாயின், செல்வம் வேறோர் இடம் செல்லும். எங்கள் வீட்டுக் கூடைச் சாணம் நின்றுபோனதன் பொருள் இதுவே. பெரியவீட்டார் கொடியவர் அல்லர். வழக்கமாக வந்துகொண்டிருந்த ஒன்றை நாங்கள் உரிமை என எண்ணிக்கொண்டிருந்தோம். பிழை அங்கேதான் இருந்தது.

பூரா காட்டிய வழி

இக்குறையை உணர்ந்து செயற்பட்ட அறிஞரும் உளர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் அமுல்ய ரெட்டி அவர்களுள் தலையாயவர். கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டம் குணிகல் வட்டத்தில் பூரா என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு அவர்தம் குழுவினர் தனி வீட்டுக்கன்றி ஊருக்கே பொதுவான கலத்தை அமைத்தனர். முதலில் எல்லார் வீட்டு அடுப்புக்கும் வாயு தர முயன்றனர். ஊர்ச் சாணம் முழுவதும் சேர்ந்தும் அதற்குப் போதவில்லை. தோல்வியை மறைக்காது, ஊராரிடமே கேட்டனர். குடிநீரே முதல் தேவை என்பது தெரிந்தது. எனவே வாயுவைக் கொண்டு இயந்திரம் ஓட்டி மின்னாற்றல் பெற்று, ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து நீர் இறைத்துக் குழாய்களில் வழங்கினர். வீடுகளுக்கு விளக்கும் தந்தனர். இம்முறை 1987-இல் நடைமுறைக்கு வந்தது.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை இரண்டு. சாணம் கொடுத்த வீட்டிற்கு அதன் அளவுக்கேற்பச் செரித்த கரைசல் உரமாகத் திருப்பித் தரப்பட்டது. சாணத்தைச் சுமந்து வந்தவருக்கோ கையில் கூலி தரப்பட்டது. சுமந்தவர்களுள் பெண்களே மிகுதி. பொருள் உடையவரின் உரிமை வேறு, உழைப்பவரின் உரிமை வேறு என்று பிரித்து, இரண்டிற்கும் கணக்கு எழுதி வைத்தனர். மாடில்லாத வீட்டிற்கும் குடிநீர் வந்தது. பின்னாளில் அவ்வமைப்பு நின்றுபோயினும், அது கற்பித்த பாடம் நிற்கின்றது. கணக்குப் பேரேட்டில் உழைப்பவர் பெயருக்கு ஒரு பத்தி இருந்தால், எளியவரும் சுழற்சியின் பயனைப் பெறுவர்.

ஒளி தரும் வாயுவே உயிரும் பறிக்கும்

இனி, எழுதவே நெஞ்சம் வருந்தும் ஒரு செய்தி. மாதுங்காவில் இயந்திரம் ஓட்டிய வாயுவும், பெரியவீட்டில் அடுப்பெரித்த வாயுவும், நகரத்து மலக்குழிகளில் தேங்கி நிற்கும் வாயுவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. மூடிய குழியில் மீத்தேனும் கரியமிலவாயுவும் நிறைந்து உயிர்க்காற்றை வெளியேற்றுகின்றன. அவற்றோடு சேரும் ஹைட்ரஜன் சல்பைடு கொடிய நஞ்சு. அழுகிய முட்டை நாற்றம் கொண்ட அது, அளவு மிகும்பொழுது முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்யும். ஆகவே நாற்றம் இல்லை என்று எண்ணி இறங்கியவர் மீள்வதில்லை. அவரைத் தூக்கப் பின்னே இறங்கியவரும் மீள்வதில்லை. இவ்வாறு மாண்டவர் பெரும்பாலோர் யாருடைய பிள்ளைகள் என்பதை நான் எழுதித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

1927-இல் மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டிறைச்சியை உண்ணும் வழக்கத்தைக் கைவிடுமாறு நம் மக்களை அறிவுறுத்தினார். இழிவென்று பிறர் நம்மீது சுமத்தியதை நாமே உதறவேண்டும் என்பது அதன் உட்கருத்து. சட்டம் மிகப் பிந்தியே வந்தது. மலத்தைக் கையால் அள்ளும் தொழிலுக்கு ஆள் அமர்த்துவதைத் தடை செய்யும் சட்டம் 1993-இல் இயற்றப்பட்டது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், தக்க பாதுகாப்பின்றிச் சாக்கடையையும் மலக்குழியையும் தூய்மை செய்ய மனிதரை இறக்குவதையும் குற்றமாக்கிற்று. 2014-இல் உச்சநீதிமன்றம் இறந்தோர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது; 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்திற்று. இவ்வாண்டுகளை நம் இளைஞர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். தேர்வுக்காக அன்று, நம் வீட்டு வாயிலில் ஒருவர் வந்து, "இறங்கிப் பார், ஐந்து நிமிட வேலை" என்று அழைக்கும் நாளுக்காக.

கழிவைக் கையால் அள்ளாமலே அதன் ஆற்றலைப் பெறும் வழி உண்டு என்பதை 1982-இல் பாட்னா நகரம் காட்டிற்று. பிந்தேஷ்வர் பாடக் நிறுவிய சுலப் அமைப்பு, அங்குப் பொதுக் கழிப்பறையோடு இணைந்த எரிவாயுக் கலத்தை இயக்கிற்று. ஒருவர் கழிவிலிருந்து நாளொன்றுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு கன அடி வாயுவே. ஆயினும் ஆயிரவர் பயன்படுத்தும் இடத்தில் அது விளக்கேற்றப் போதுமானதாகும். கழிவு தானே குழாயில் இறங்கிச் செல்லும். மனிதர் கை படவேண்டியதில்லை.

இன்றைய நிலை

2018-இல் நடுவணரசு கோபர்தன் என்னும் திட்டத்தையும், அழுத்தப்பட்ட எரிவாயுவை வாங்குவதற்கான மற்றொரு திட்டத்தையும் தொடங்கிற்று. 2022 பிப்ரவரியில் இந்தூர் நகரில், நாளொன்றுக்கு 550 டன் ஈரக்குப்பையைக் கையாளும் பெருங்கலம் திறக்கப்பட்டது. அதன் வாயுவால் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. ஹோவார்ட் குப்பையை அடுக்கி உரமாக்கிக் காட்டிய அதே இந்தூர்! அத்தகைய கலம் இயங்கவேண்டுமாயின், குப்பை வீட்டு வாயிலிலேயே ஈரம், உலர்வு எனத் தரம் பிரிந்து வரவேண்டும். பிரித்து வாங்கிச் சேர்க்கும் கைகள் எவருடையவை? நாட்டின் எந்த நகரத்தை நோக்கினும் விடை ஒன்றே.

எனவே கழிவு மீண்டும் ஒருமுறை செல்வமாகிக்கொண்டிருக்கின்றது. என் தாயார் காலத்தில் ஒரு தொழுவத்தில் நடந்தது, இன்று நாட்டளவில் நடக்கின்றது. அன்று நம்மிடம் எழுத்தறிவு இல்லை. இன்று இருக்கின்றது.

இளைஞர்களுக்கு ஒரு சொல்

அன்பார்ந்த இளைஞர்களே! கழிவைத் தொடுவதே இழிவு என்று ஒதுங்கிப் போய்விடுங்கள் என நான் கூறவில்லை. பரம்பரைத் தொழில் இதுவே, இதிலேயே இருங்கள் எனவும் கூறவில்லை. பிறப்பால் சுமத்தப்பட்ட வேலை வேறு; கல்வியால் தேர்ந்தெடுக்கப்பட்ட தொழில் வேறு. சாணம் கரைத்த கை நம்முடையதாக இருந்தது. கலத்தை வரைந்த கை, கட்டிய கை, கணக்கு எழுதிய கை பிறருடையனவாக இருந்தன. இந்நிலை மாறவேண்டும். வேதியியலும் பொறியியலும் கற்று எரிவாயுக் கலங்களை வடிவமைப்பவராக, கூட்டுறவுச் சங்கம் அமைத்து அவற்றை நடத்துபவராக, ஊராட்சியிலும் நகராட்சியிலும் அமர்ந்து ஒப்பந்தத்தில் உழைப்பவரின் பங்கை எழுதிச் சேர்ப்பவராக நீங்கள் வளரவேண்டும். ஊரில் எத்திட்டம் வந்தாலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: பொருள் யாருடையது? உழைப்பு யாருடையது? பயன் யாருக்கு? மூன்றாம் வினாவுக்குரிய விடையை எழுத்தில் பெறாமல் கையொப்பம் இடாதீர்கள்.

என் தாயார் இன்று இல்லை. அவர் வரட்டி விற்று வாங்கித் தந்த நோட்டுப் புத்தகம் ஒன்று என்னிடம் உள்ளது. அதன் முதற்பக்கத்தில் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடம்: 'சாண எரிவாயுவின் பயன்கள்'. ஐந்து பயன்களை எழுதியிருக்கிறேன். ஆசிரியர் ஐந்திற்கும் சரிக்குறி இட்டிருக்கிறார். யாருக்குப் பயன் என்று அப்பாடம் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. அவ்விடையை எழுதி முடிக்கும் பொறுப்பு, இச்சங்கத்தின் கல்வியால் தலைநிமிர்ந்த உங்களைச் சாரும்.